வேர் இறங்கவில்லையா? அலுமினியத்தின் மேல் பழி போடும் முன் பார்க்க வேண்டியவை

"செடி எழும்பவே மாட்டேங்குது, வேரும் குட்டையா நிக்குது" என்று டெல்டாவில் யாராவது கூப்பிட்டால், இப்போதெல்லாம் அடுத்த வாக்கியம் தயாராக இருக்கிறது: "அலுமினிய நச்சாம்ணே, வீடியோவுல சொன்னாங்க. சுண்ணாம்பு அடிச்சிடலாமா?" அந்தக் கேள்விக்காகவே பல வயல்களில் மண்வெட்டி போட்டுப் பார்த்தாயிற்று. பெரும்பாலான வயல்களில் பதில் ஒன்றுதான்: அடிக்காதீர்கள்.

மண்ணின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 5.5க்குக் கீழே இறங்கினால்தான் அலுமினியம் கரைந்து வேரைத் தொடும். 5க்குக் கீழே போனால் நன்றாகவே தாக்கும். காவிரி வண்டல், பழைய டெல்டாவின் களி, நாகைப் பக்கத்து உவர் நிலம் இவையெல்லாம் பெரும்பாலும் நடுநிலைக்கு மேலே நிற்கிற மண். அங்கே அலுமினியம் மண்ணுக்குள் நிறைய இருந்தாலும் பூட்டிய வீட்டுக்குள்தான் இருக்கிறது. நிஜமாகவே சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைவு: வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துச் செம்புரை மேடுகள்; பல வருடமாக அம்மோனியம் சல்பேட்டையே போட்டு வந்த தோட்டங்கள்; கடலோரத்தில் கருஞ்சேற்றைத் தோண்டிக் குவித்த கரைகள். செம்மண் என்றாலே அமிலம் என்பதும் சரியல்ல. போர் தண்ணீர் பாய்ந்த செம்மண் பல இடங்களில் 7ஐத் தாண்டி நிற்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு வேலை

தோண்டுங்கள், பிடுங்காதீர்கள். கையால் பிடுங்கினால் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுவது வேர் நுனி. நமக்குப் பார்க்க வேண்டியதும் அந்த நுனிதான். செடிக்கு ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கிக் கட்டியாகப் பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற விடுங்கள். மண் தானாகக் கரைந்து விழும். மோட்டார் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். மோசமான செடி ஒன்று, அதே வயலில் நன்றாக நிற்கிற செடி ஒன்று. இரண்டின் வேரையும் வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிப் பாருங்கள். நல்ல செடியோடு ஒப்பிடாமல் சொல்கிற எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

பிஎச் பாருங்கள். பேனா போல் இருக்கிற மலிவு மீட்டரே போதும். ஆனால் கூடவே வரும் பொடிப் பொட்டலங்களைக் கரைத்துச் சரிபார்க்காமல் படித்தால் அது காட்டுவது வெறும் எண். நிழலில் உலர்த்திப் பொடித்த மண் 10 கிராம், தண்ணீர் 25 மில்லி, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு அளக்க வேண்டும். தண்ணீர் என்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றினால் அதன் காரம் சேர்ந்து எண் ஏறிவிடும். மண்ணின் அமிலம் தெரியாமல் போகும்.

மேல் அரை அடி ஒரு மாதிரி, அதற்கடுத்த அரை அடி ஒரு மாதிரி. இரண்டையும் கலக்காதீர்கள். மேல்மண் 6 காட்ட, அடிமண் 4.8 காட்டுகிற செம்புரை மேடுகள் உண்டு. வரப்போரம், எரு கொட்டிய இடம், மரத்தடி, புதிதாக உரம் போட்ட இடம் எதுவும் வேண்டாம். சொட்டுநீர் என்றால் மட்டும் இதற்கு மாறாக, சொட்டுவானுக்கு நேர் கீழே ஒன்று, இரண்டு வரிசைக்கு நடுவே ஒன்று எடுங்கள். அம்மோனிய உரத்தைத் தண்ணீரோடு விட்டு வந்த வாழை, காய்கறித் தோட்டங்களில் நடு வரிசை சாதாரணமாக இருக்கும். சொட்டு விழும் இடம் மட்டும் புளித்துப் போயிருக்கும். வேர் இருப்பதோ அங்கேதான்.

தண்ணீர் கட்டிய நெல் வயலின் சேற்றை ஈரமாகவே அளந்தால், அமில மண்ணானாலும் எண் நடுநிலைக்குப் பக்கத்தில்தான் காட்டும். நீர் தேங்கிச் சில வாரங்களில் பிஎச் அப்படி நகர்ந்துவிடும். அடுத்து வரும் உளுந்துக்கோ கடலைக்கோ என்ன காத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் உலர்த்தித்தான் அளக்க வேண்டும்.

மீட்டர் இல்லாதவர்கள் மண் கட்டியின் மேல் எலுமிச்சையைப் பிழிந்து காதோரம் வைத்துப் பாருங்கள். புஸ் என்று நுரைத்தால் மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறது, அலுமினியத்தை மறந்துவிடலாம். நுரைக்காவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எண் 6க்கு மேல் இருந்தால் அறிகுறி 1இன் கடைசிப் பகுதியைப் படிக்கவே வேண்டாம். 5.5 முதல் 6 வரை என்றாலும் குற்றவாளி வேறு. 5க்கும் 5.5க்கும் நடுவே என்றால் கப் சோதனை (அறிகுறி 1இன் முடிவில் சொல்கிறேன்). 5க்குக் கீழே என்றால் அலுமினியம்தான் முதல் சந்தேகம்.

## அறிகுறி 1: வேர் குட்டை, தடிப்பு, பழுப்பு, நுனி மழுங்கல், பக்கவேர் இல்லை

வீடியோக்களில் காட்டுவது இதைத்தான். ஆனால் இதே தோற்றத்தை இன்னும் சில காரணங்களும் கொடுக்கும். செலவில்லாததில் இருந்து தொடங்குவோம்.

உரச் சூடு. விதைக்குப் பக்கத்திலேயே யூரியாவோ டிஏபியோ பொட்டாஷோ விழுந்திருந்தால் வேர் கருகும். வேரின் ஒரு பக்கம் மட்டும் கருகி மறுபக்கம் வெள்ளையாக இருந்தால் இதுதான். ஒரு தண்ணீர் கட்டிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். புது வேர் வந்தால் விஷயம் முடிந்தது.

களைக்கொல்லி. உளுந்திலும் கடலையிலும் இதைத்தான் அதிகம் தவற விடுகிறார்கள். விதைத்ததும் அடிக்கிற பெண்டிமெத்தலின் அளவு மீறினால், அல்லது அடித்ததும் மழை வந்து மருந்து விதை மட்டத்துக்கு இறங்கினால், வேர் நுனி தடித்து உருண்டுவிடும். பார்வைக்கு அலுமினியம் போலவே இருக்கும். வயலின் ஓரத்தில் மருந்து படாத ஒரு துண்டாவது இருக்கும். அங்கே வேர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரேயர் திரும்பிய இடத்திலும் இரண்டு முறை விழுந்த வரிசையிலும் மட்டும் மோசம் என்றால் பதில் கிடைத்துவிட்டது. இதற்கு மருந்து இல்லை. மருந்துக்கு மருந்து விற்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கடின அடுக்கு. வருடக்கணக்கில் சேறு கலக்கி, ரொட்டவேட்டர் ஓட்டிய வயலில் அரை அடிக்குக் கீழே மண் இறுகிப் போயிருக்கும். ஈரமான வயலில் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஒரே ஆழத்தில் எல்லா இடத்திலும் டக்கென்று நின்றால் அடுக்கு இருக்கிறது. இங்கே வேர் பக்கவாட்டில் மடங்கி ஓடும். ஆனால் நுனி வெள்ளையாக, உயிரோடு இருக்கும், வேறுபாடு அங்கேதான். மூன்று வருடத்துக்கு ஒரு முறை கோடையில் உளிக்கலப்பை ஓட்டினால் போதும்.

நூற்புழு. அறிகுறி 4க்குப் போங்கள்.

அலுமினியம். மேலே சொன்ன எதுவும் இல்லை, பிஎச்சும் 5.5க்குக் கீழே என்றால் இப்போது நுனியை உற்றுப் பாருங்கள். அடி விழுவது வேரின் கடைசிச் சில மில்லிமீட்டரில். நுனி நீள்வதை நிறுத்திப் பழுப்பாகி, தடித்து, வளைத்தால் வளையாமல் ஒடியும். மெல்லிய பக்கவேர் கிளம்ப வேண்டிய இடத்தில் மொட்டு மொட்டாக நின்றுவிடும். மொத்த வேரும் பவளக் கொம்பு போலத் தெரியும். எல்லா வேரும் ஒரே ஆழத்தில் நிற்கும், அடிமண்ணுக்குள் ஒன்றும் இறங்காது. மேலே இலை கரும்பச்சையாகி அடி இலையில் செந்நீலம் ஏறும். மணிச்சத்துக் குறை என்று நினைத்து டிஏபி போடுவீர்கள், அசையாது. ஒரு அடி கீழே ஈரம் இருந்தும் காலை பத்து மணிக்கே செடி தலை தொங்கும்.

செலவு செய்யும் முன் கப் சோதனை செய்து பாருங்கள். அந்த வயலின் மண் இரண்டு கிலோவை உலர்த்திச் சலித்து இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கில், கிலோவுக்கு ஒரு கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூள், அதாவது அரை டீஸ்பூனுக்கும் குறைவாக, நன்றாகக் கலந்துவிடுங்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சுண்ணாம்புக்கு அலைய வேண்டியதில்லை. வெற்றிலைப் பெட்டியில் இருப்பதைக் காயவைத்துப் பொடித்தாலே ஆயிற்று. மற்றொரு பங்கில் எதுவும் வேண்டாம். இரண்டையும் ஈரமாக்கி, பேட்டரி தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றி, ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு அடியில் ஓட்டை போட்ட டீ கப்புகளில் நிரப்புங்கள். ஒவ்வொரு மண்ணுக்கும் நாலைந்து கப். நன்றாக விளைகிற பக்கத்து வயல் மண்ணில் மூன்றாவதாக ஒரு வரிசை. முளைகட்டிய உளுந்தில் முளை ஒரே நீளமாக இருப்பதைத் தேர்ந்து, கப்புக்கு மூன்று நடுங்கள். ஆறேழு நாளில் கப்பைக் கிழித்து, கழுவி, வேரை அளந்துவிடுங்கள்.

சுண்ணாம்பு கலந்த கப்பில் வேர் தெளிவாக நீளமாக, வெள்ளையாக இருந்தால் அமிலம்தான் பிரச்சனை. கீழே சுண்ணாம்புப் பகுதிக்குப் போங்கள். இரண்டிலும் ஒரே நீளம், பக்கத்து வயல் மண்ணிலும் அதே நீளம் என்றால் மண் குற்றவாளி இல்லை. கடின அடுக்கையும் வடிகாலையும் மறுபடி பாருங்கள். இரண்டிலும் மோசம், பக்கத்து வயல் மண்ணில் மட்டும் நல்ல வேர் என்றால் உப்பு, களைக்கொல்லி, நூற்புழு இந்த மூன்றில் ஒன்று. மண்ணின் உப்பைக் காட்டும் இசி என்ற எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். 4க்கு மேல் என்றால் உப்பு.

## அறிகுறி 2: நெல் வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம்

அலுமினியம் இல்லை. தண்ணீர் தேங்கிய நெல்லில் அலுமினியத்தைச் சந்தேகிப்பதே பெரும்பாலும் வீண். தானியப் பயிர்களில் அதை நன்றாகத் தாங்குவதும் நெல்தான். நீர் தேங்கினால் பிஎச் ஏறி அலுமினியம் அடங்கியும் விடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருக்காமல் செம்மண் மேட்டில் புழுதியில் நேரடியாக விதைத்த நெல், தண்ணீர் வரும் வரை அமில மண்ணிலேயே முளைத்து நிற்கும். அங்கே முதல் சில வாரம் வேர் முடங்கலாம். தண்ணீர் கட்டியதும் தேறும்.

கறுப்பு வேருக்கு வருவோம். காலை வைத்தால் குமிழி வந்து நாறுகிறதா? தக்கைப்பூண்டை மடக்கி உழுது, அது மக்க நேரம் கொடுக்காமல் மறுநாளே நட்ட வயலில் இது நடக்கும். வடிகால் அடைபட்ட பள்ளத்திலும் நடக்கும். வடித்துவிடுங்கள். மயிரிழை வெடிப்பு வரும் வரை காயவிட்டு மறுபடி கட்டுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் தாத்தாக்கள் செய்ததுதான். அதுவரை அம்மோனியம் சல்பேட் போட வேண்டாம். ஒரு வாரத்தில் அடித்தூரில் வெள்ளை வேர் வரவில்லை என்றால் உதவி வேளாண்மை அலுவலரைக் கூப்பிடுங்கள். தூர் அழுகல் நோயா என்று அவர் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 3: நெல் வேரில் துரு நிறம்

லேசான செம்பழுப்புப் பூச்சு ஆரோக்கியமான வேரிலும் இருக்கும். நெல் வேர் காற்றை வெளியே விட, சேற்றில் உள்ள இரும்பு அதன் மேல் படிகிறது. புது வேர் வெள்ளையாக இருந்தால் கவலை வேண்டாம்.

கெட்டியான துருப் பூச்சு, கூடவே அடி இலையின் நுனியில் இருந்து பழுப்புப் புள்ளிகள் பரவினால் இரும்பு நச்சு. செம்மண் மேட்டில் இருந்து கசிவு இறங்குகிற பள்ள வயல்களில் பாருங்கள். வடித்துக் காயவிடுவதும், பொட்டாஷ் குறையாமல் பார்ப்பதும்தான் வழி.

புள்ளிகள் நட்ட இரண்டாவது வாரத்தில் இருந்து நாலாவது வாரத்துக்குள் வந்து, திட்டுத் திட்டாகப் பயிர் குன்றி, புது இலையின் அடியில் நடு நரம்பு வெளுத்திருந்தால் அது துத்தநாகக் குறை. காரக் களியில் இது சர்வசாதாரணம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவலாம். டிஏபியோடு கலக்கக் கூடாது. நின்ற பயிருக்கு 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட்டோடு 1 சதவீத யூரியா சேர்த்துத் தெளிக்கலாம். இந்த வயலில் அலுமினியம் என்று நினைத்துச் சுண்ணாம்பு போட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

## அறிகுறி 4: வேரில் முடிச்சு, நுனி கொக்கி போல் வளைவு

நெல்லில், அதுவும் மேட்டு நாற்றங்காலிலும் நேரடி விதைப்பிலும், வேர் நுனி தடித்துக் கொக்கியாக வளைந்திருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. குட்டை வேர் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து இதையும் அலுமினியத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அலுமினியம் வேரை ஒடியும்படி ஆக்கும், கொக்கியாக வளைக்காது.

உளுந்திலும் பச்சைப்பயறிலும் ஒரு குழப்பம் வரும், ஏனென்றால் நல்ல முடிச்சும் உண்டு. நகத்தால் தட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒட்டியிருந்து சுலபமாகக் கழன்று விழுந்தால், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அது ரைசோபியம், அதாவது பயிருக்குத் தழைச்சத்து பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியாவின் முடிச்சு, விட்டுவிடுங்கள். வேரே பருத்து, கழற்ற முடியாமல் இருந்தால் நூற்புழு. நின்ற பயிரில் செய்யக்கூடியது அதிகமில்லை. நெல்லுக்குத் தண்ணீர் கட்டி வைத்தால் பெருக்கம் குறையும். அடுத்த நாற்றங்காலுக்கு இடத்தை மாற்றி, வேப்பம் புண்ணாக்கும் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவும் கொடுங்கள். வயல் முழுக்கப் பரவியிருந்தால் வேரையும் ஈர மண்ணையும் காயவிடாமல் பாலிதீன் பையில் கட்டிப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி 5: உளுந்து வெளுத்து நிற்கிறது, வேரில் முடிச்சே இல்லை

முதலில் இலையைப் பாருங்கள். பச்சையும் பளிச்சென்ற மஞ்சளும் திட்டாகக் கலந்திருந்தால் மஞ்சள் தேமல். வெள்ளை ஈ கொண்டு வருகிற வைரஸ். வேருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இலை முழுக்க ஒரே மாதிரி வெளுத்திருந்தால்: விதைக்கு ரைசோபியம் கலந்தீர்களா? சம்பாவுக்கோ தாளடிக்கோ போட்ட தழைச்சத்து மிச்சம் நிறைய இருக்கிறதா? அறுவடைக்கு முன் நின்ற பயிரில் தூவிய உளுந்தானால், வயலில் தண்ணீர் தங்கியதா? பழைய டெல்டாவில் இந்த மூன்றில் ஒன்றோடு கதை முடிந்துவிடும். பூக்கும் சமயத்தில் ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளித்தால் ஓரளவு மீட்கலாம்.

புது ஆற்றுப் பாசனத்தில், அதாவது கல்லணைக் கால்வாய்ப் பக்கத்துச் செம்மண்ணில், பிஎச் 5.5க்குக் கீழே இருந்தால் மட்டும் அலுமினியத்தை நினையுங்கள். பயறுக்கு முன் முடிச்சுப் பாக்டீரியாவே அமிலத்தில் படுத்துவிடும். ஆனால் நெல் தரிசில் உழவு கிடையாதே, சுண்ணாம்பை எங்கே கலப்பது? அந்தப் போகத்தை விட்டுவிட்டு, கோடை உழவில் போட்டு மண்ணோடு கலக்க வேண்டும். அறுத்த தாளுக்கு மேல் தூவுவது காசைக் காற்றில் விடுவது.

## அறிகுறி 6: கடலை பொக்காகிறது

செடி நன்றாகவே இருக்கும், காயும் இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. கடலை அலுமினியத்தை ஓரளவு தாங்குகிற பயிர். பொக்குக்குக் காரணம் காய் மட்டத்தில் சுண்ணாம்புச்சத்துப் பற்றாக்குறை. காய் தனக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள மண்ணில் இருந்து நேரடியாக எடுப்பதால், வேருக்குக் கிடைத்தது காய்க்கு உதவாது. 40ஆம் நாளில் இருந்து 45ஆம் நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் தூவி மண் அணைக்க வேண்டும். மா கணக்கில் (ஏக்கரில் மூன்றில் ஒன்று) சொன்னால் மாவுக்கு ஒரு மூட்டையும் கொஞ்சமும். ஜிப்சம் பிஎச்சை ஏற்றாது என்பதை நினைவில் வையுங்கள். பொக்கு நின்றுவிட்டதால் அமிலம் போய்விட்டது என்று ஆகாது.

## அறிகுறி 7: தென்னையில் வேர் அழுகி, மட்டை தொங்கி

மரத்தின் அடித்தண்டைப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிவு வழிந்திருந்தால் அது தஞ்சாவூர் வாடல். தமிழ்நாட்டில் 1952இல் இந்த மாவட்டத்தில் பதிவானதால் வந்த பெயர். இதில் நேரம் கடத்தாதீர்கள். பிஎச் மீட்டரை வைத்துவிட்டு, வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்துவதும், மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு கொடுப்பதும், அதே வட்டத்தில் உழுது வேரை அறுக்காமல் இருப்பதும் உடனே செய்யக்கூடியவை.

கசிவு இல்லை, காய் சிறுத்துவருகிறது, வட்டப்பாத்தியில் புது வேர் குறைவு என்றால் பாத்திக்குள் ஒரு மாதிரியும் இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு மாதிரியும் எடுங்கள். உரம் விழுவது பாத்தியில் மட்டும் என்பதால் வித்தியாசம் பெரிதாக இருக்கும். தென்னை அமிலத்தைத் தாங்கும். 2018 கஜா புயலில் தென்னை விழுந்த தோப்பில் வேறு பயிர் வைத்தவர்களுக்கு இது முக்கியம்: பழைய பாத்தி இருந்த வட்டங்களில் மட்டும் பயறோ காய்கறியோ குன்றி நின்றால், அந்த வட்டத்தைத் தனியாக அளந்து பாருங்கள்.

## அறிகுறி 8: கடலோரத்தில் தோண்டிப் போட்ட கரையில் எதுவும் முளைக்கவில்லை

குளத்துக்கோ இறால் குட்டைக்கோ தோண்டிய கருஞ்சேறு காய்ந்து, வெளிர் மஞ்சள் புள்ளிகள் வந்தால் ஜாக்கிரதை. காற்றுப் படாதவரை சாதுவாக இருக்கும் கந்தகச் சேறு, காய்ந்ததும் கந்தக அமிலமாகும். பிஎச் 4க்கும் கீழே போகும். இங்கே அலுமினியமும் இரும்பும் சேர்ந்தே வெளிவரும். முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக்காட்டை ஒட்டித் தோண்டுகிறவர்கள் கரையில் தென்னம்பிள்ளை வைக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்ய ஏக்கருக்கு எத்தனை டன் ஆகும் என்பது நம் கணக்குக்குள் வராது. சேற்றை மறுபடி ஈரத்துக்குள் புதைப்பதும், கரையில் இருந்து வழியும் தண்ணீரை வயலுக்கு விடாமல் இருப்பதும் முதல் வேலை. மீதிக்கு மண்ணியல் ஆட்கள் வேண்டும்.

## சுண்ணாம்பு: எவ்வளவு, எப்போது

பிஎச் எண்ணை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது. அதே 5.0க்கு மணற்பாங்கான மண் கொஞ்சம் கேட்கும், களி பல மடங்கு கேட்கும். பரிசோதனை நிலையத்தில் "சுண்ணாம்புத் தேவை" என்று தனியாகக் கேளுங்கள். 2015இல் வந்த மண்வள அட்டையில் 12 விவரம் இருக்கிறது. அலுமினியம் அதில் இல்லை. அலுமினியத்தையே அளக்கச் சொன்னால், கிலோ மண்ணுக்கு ஒரு சென்டிமோல் (பரிசோதனை நிலையத்தின் அளவுக் கணக்கு) காட்டினால் எக்டேருக்கு ஒன்றரை டன்னில் இருந்து இரண்டு டன் சுண்ணாம்புக்கல் தூள் என்பது பொதுவான கணக்கு. 6.5க்கு ஏற்ற வேண்டியதில்லை. 5.5ஐத் தாண்டினால் அலுமினியம் அடங்கிவிடும், அதோடு நிறுத்துங்கள்.

சுண்ணாம்புக்கல் தூள் 100 கிலோ செய்வதை நீற்றிய சுண்ணாம்பு 74 கிலோ செய்துவிடும். மெக்னீசியமும் குறைவு என்றால் அது கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட். எதுவானாலும் மாவாக இருக்க வேண்டும்; குருணையாக வந்ததை வாங்காதீர்கள். விதைப்புக்கு ஓரிரு மாதம் முன் போட்டு அரை அடிக்குக் கலக்கி, ஈரம் இருக்கும்படி பாருங்கள். சுண்ணாம்பும் யூரியாவும், சுண்ணாம்பும் அம்மோனியம் சல்பேட்டும் ஒன்றாகப் போனால் தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். அடிமண் மட்டும் அமிலம் என்றால் மேலே போட்ட சுண்ணாம்பு சுலபத்தில் கீழே போகாது. அங்கே ஜிப்சம் மழையோடு இறங்கி வேருக்குக் கொஞ்சம் வழிவிடும்.

அம்மோனியம் சல்பேட்டை மாற்றாமல் சுண்ணாம்பு போடுவதில் அர்த்தமில்லை. அது 100 கிலோ உண்டாக்கும் அமிலத்தை ஆற்ற 110 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: கப் சோதனையில் சுண்ணாம்பு வென்று, அடிமண்ணும் 5க்குக் கீழே இருந்தால், அல்லது ஒரு ஏக்கருக்கு மேல் சுண்ணாம்பு வாங்கப் போகிறீர்கள் என்றால். வேளாண்மை விரிவாக்க மையம், தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் உள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம், நெல் என்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழிலேயே பேசுவார்கள்.

## அறிகுறி 9: சுண்ணாம்பு போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது

பிஎச் பார்க்காமல் போட்டவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கே. ஏற்கனவே 7.5 இருந்த களியில் சுண்ணாம்பு சேர்ந்ததும் துத்தநாகமும் இரும்பும் இன்னும் கிடைக்காமல் போகும். நெல்லில் மூன்றாம் அறிகுறியின் துத்தநாகப் புள்ளிகள் வரும். கடலையிலும் பயறிலும் குருத்து இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மீதி வெளிர் மஞ்சளாகும். போட்ட சுண்ணாம்பைத் திரும்ப எடுக்க வழியில்லை. அமிலத்தை ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று இறங்காதீர்கள்.

நெல்லுக்குத் துத்தநாக சல்பேட்டைத் தெளிப்பாகக் கொடுங்கள். மண்ணில் போட்டால் அதுவும் சிக்கிக்கொள்ளும். கடலைக்கும் பயறுக்கும் 1 சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை மாலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இன்னொரு முறை. தொழு உரமும் தக்கைப்பூண்டும் தொடர்ந்து போட்டால் இரண்டு மூன்று போகத்தில் பயிர் தேறும். தெளித்துப் பதினைந்து நாளாகியும் புது இலை பச்சையாகவில்லை என்றால், சுண்ணாம்பு விழுந்த இடத்து மண் அரை கிலோ, விழாத இடத்து மண் அரை கிலோ, இரண்டையும் தனித்தனித் துணிப்பையில் பெயர் எழுதிக் கட்டிப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். எந்தச் சுண்ணாம்பு, எத்தனை மூட்டை, எந்தத் தேதி என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பையோடு வையுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.